டுமீல் அண்ணனின் நீர்க்கோழி

மலேசியாவில், கோலா சிலாங்கூர் வட்டாரத்திலேயே பறவைகளுக்கு டுமீல் அண்ணனைப் போல நல்லது செய்த மனிதர் வேறு யாரும் இல்லை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி, காக்கி உடுப்பு, இடுப்பில் தோட்டா வார் எல்லாம் இருந்தும், நான் பார்த்தவரை அவர் கையால் ஒரு குருவிக்கும் சாவு வந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. கல்யாணமாகாதவன். லயத்து வரிசை வீடுகளில் அவருக்கு அடுத்த வீடு. அவர் குறி தப்பாமல் சுட்ட காலம் ஒன்று இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கூட்டமே அவர் பின்னால் போகுமாம். குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து இரண்டு கால்களும் நடக்க உதவாமல் போன பிறகு, கூட்டாளிகள் "அடுத்த வாரம் போவோம்ணே" என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மனைவி ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் கிடையாது. ஞாயிறு காலையில் காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்திருப்பார். பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"என்னண்ணே, வேட்டைக்குப் போகலையா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நீ தள்ளுறியா?"

எதை என்று நான் கேட்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார். செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி. உள்ளே சாக்கு மெத்தை, குடை செருக ஒரு குழாய், காப்பி பிளாஸ்குக்குக் கம்பி வளையம், எல்லாம் தயார். யாராவது கேட்கமாட்டார்களா என்று எத்தனை காலம் காத்திருந்தாரோ தெரியவில்லை.

முதல் நாள் எங்களுக்கு எதிரே சதுப்பில் ஒரு கொக்கு, முதுகுக்குப் பின்னால் கால்வாய். "தூக்கிப் பிடி, ஆடாத" என்றார். கைப்பிடிகளைத் தூக்கிப் பிடித்தேன். சுட்டார். துப்பாக்கி அவரை உதைத்தது, வண்டி என்னை உதைத்தது, மூன்று பேருமாகக் கால்வாய்க்குள் போய்ச் சேர்ந்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு கையால் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் தலைக்கு மேலே பிடித்தபடி, "நீ நனையலாம்லா, இது நனையக்கூடாது!" என்று என்னிடம் கத்தினார். கொக்கு நின்ற இடத்திலேயே நின்று எங்களை வேடிக்கை பார்த்தது.

அதன் பிறகு முறையை மாற்றினார். "நாம குருவிகிட்ட போனாத்தானே வம்பு? அது நம்மகிட்ட வரட்டும்."

மலாய்க்காரர்கள் ருவாக்-ருவாக் என்று சொல்லும் நீர்க்கோழியை, அதன் குரலை மூங்கில் குழலில் ஊதியே வரவழைக்கும் வித்தை அந்தப் பக்கத்தில் உண்டு. வண்டியையும் அவரையும் சேர்த்துத் தென்னை ஓலையால் மூடி, சுற்றிலும் கண்ணி வைப்பது என் வேலை. யாரோ தன் இடத்துக்கு வந்துவிட்டான் என்று கோழி சண்டைக்கு வரும், மாட்டும். துப்பாக்கி வீட்டில் ஓய்வெடுத்தது.

ஊதினார். கால்வாய்க்கு அந்தப் பக்கம், மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்துப் புதரிலிருந்து உடனே பதில் வந்தது.

"சேவல்டா! கேட்டியா தொண்டைய?"

இவர் ஊத, அது கத்த, மதியமாகிவிட்டது. கோழி வரவில்லை. அடுத்த வாரமும் அதே கச்சேரி. மாதக் கணக்கில் நடந்தது. வெறுங்கையோடு, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புவார். கொசுக்கடி மட்டும் எனக்கு.

பொறுக்க முடியாமல் ஒருநாள், வயிற்றைக் கலக்குகிறது என்று பொய் சொல்லிவிட்டுப் பாலத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். புதருக்குள் ஓர் ஓலைக் கூண்டு. அதற்குள் தொப்பி போட்ட மலாய்ப் பெரியவர் ஒருவர், சுற்றிலும் கண்ணி வைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்துக் குழல் ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். கோழி பயந்து ஓடிவிடுமாம்.

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த ஞாயிறு அண்ணன் மறுபடியும் வாசலில்தான். தள்ளிக்கொண்டு திரும்பும்போது தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன்.

"அண்ணே, அது கோழி இல்லண்ணே."

"தெரியும்லா. எந்தக் கோழிடா இருமும்?"

"தெரிஞ்சுக்கிட்டேவா ஊதுறீங்க?"

"நான் நிறுத்திட்டா அந்த மனுசன் யாருக்கு ஊதுவாரு? பேசாமத் தள்ளு."

ரவாங்குக்கு வேலை மாறிப் போகும்வரை தள்ளினேன். அண்ணன் இறந்த தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. வண்டிக்குள் குழல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனேன். அதுவரை நான் ஊதிப் பழகியதில்லை. சளி பிடித்த எருமை கத்தியது போல ஒரு சத்தம் வந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தப் பக்கத்துப் புதர் லேசாக அசைந்தது. பிறகு ஓர் இருமல். பிறகு பதில்.

அத்தனை மோசமாக ஊதியது டுமீல் அண்ணன் இல்லை என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் இன்னொரு முறை ஊதினேன்.