பதினேழு ஆட்சேபணைகளும் ஒரு ஜன்னலும்

எங்கள் முனைவீட்டுக்கு எதிர்முனையிலுள்ள ரொட்டிக்கடைக்காரர் என் நிம்மதிக்குக் குழி வெட்டினார். காரை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாக ரொட்டி வாங்கிப் போகும் டிரைவ்-த்ரூ கடை வைக்க நகராட்சியில் அனுமதி கேட்டிருந்தார். அதுவும் என் படிப்பறைக்கு நேர் எதிரே.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். ஓய்வுக்காலத்தில் அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிப்பது என்று உட்கார்ந்து, இப்போதுதான் 'க' வரிசைக்கு வந்திருக்கிறேன். அதற்குள் ஹாரன் சத்தமா? ஒரு ரொட்டிக்காக நாலடி நடக்க முடியாதவர்களுக்குக் கால் எதற்கு? பிரேக் மிதிக்கவா?

ஆட்சேபணை மனு எழுதினேன். பதினேழு குறிப்புகள். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"வெறுமனே கூடாதுன்னா கேப்பாங்களா? எப்படி இருந்தா கூடும்னும் சொல்லணும்ல?"

நியாயமான கேள்வி. சேர்த்தேன். இரண்டு தெருவிலும் வாசல் உள்ள முனைவீடாக இருக்க வேண்டும்; கார் ஒன்றில் நுழைந்து மற்றதில் வெளியேற வேண்டும். எட்டு கார்கள் தெருவை அடைக்காமல் உள்ளேயே வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னல் மூன்றரை அடி உயரத்தில் இருக்க வேண்டும்.

"மூன்றரைன்னு எப்படித் தெரியும்?"

"என் படிப்பறை ஜன்னலை அளந்தேன்."

"அப்ப நம்ம வீட்டையே உதாரணமாப் போட்டுடுங்க. உதாரணம் இல்லாத மனு ஒரு மனுவா?"

அச்சகத்தில் நான் எத்தனையோ பேரிடம் சொன்னதை என்னிடமே சொன்னாள். நெகிழ்ந்துபோனேன். வீட்டை அங்குலம் அங்குலமாக அளந்து, வடக்குத் திசைக்கு அம்புக்குறி போட்டு, வரைபடம் இணைத்தேன். அளவு நாடாவின் மறுமுனையை அவள்தான் பிடித்துக்கொண்டாள்.

தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாம் ரொட்டிக்காரர் பக்கம். அவர்கள் வாயை அடைக்கவே முதல் குறிப்பை எழுதினேன்: ஒரு மனையின் சார்பில் அதன் உரிமையாளர் மட்டுமே பேசலாம், அங்கே குடியிருக்கும் மற்றவர்கள் பேசக்கூடாது.

"இது கொஞ்சம் கடுமையா இல்லையா?" என்றாள்.

"விதின்னா விதி. யாருக்கும் விலக்கு கிடையாது."

"சரிங்க."

இத்தனை வருடத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

விசாரணைக் கூட்டத்தில் நகரமைப்பு அதிகாரி என் மனுவைப் பத்து நிமிடம் புகழ்ந்தார். பதினேழு குறிப்புகளையும் அப்படியே விதிகளாக ஏற்றார். எதிர்முனைக்கு அனுமதி இல்லை என்று முத்திரை குத்தினார். நான் வெற்றியோடு ரொட்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அடுத்த தாளை எடுத்தார். அதே ரொட்டிக்காரர், ஒரு பங்குதாரரோடு சேர்ந்து, வேறு இடத்துக்குப் போட்டிருந்த புது விண்ணப்பம். எல்லா விதிகளுக்கும் பொருந்தும் ஒரே மனை இதுதானாம். வரைபடம் ஏற்கெனவே நகராட்சியின் கையில் இருக்கிறதாம். தூக்கிக் காட்டினார். என் வரைபடம். என் அம்புக்குறி.

பக்கத்தில் மனைவி கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீயா பங்குதாரர்?"

"நீங்கதானே இடம் பொருத்தமா இருக்குன்னு எழுதினீங்க? அகராதிக்கு ஸ்டோர் ரூம் போதுங்க. அங்க ஹாரன் கேக்காது."

என் அறையை, என் கையாலேயே அளக்க வைத்துப் பறித்துக்கொண்டார்கள். கொதித்து எழுந்தேன். இந்த விண்ணப்பத்தை வன்மையாக ஆட்சேபிக்கிறேன் என்றேன்.

அதிகாரி மரியாதையாகக் கேட்டார்: "வீட்டுப் பத்திரம் யார் பேர்லங்க?"

என் விரல் தானாக மனைவி பக்கம் நீண்டது. அவர் மனுவின் முதல் பக்கத்தைப் புரட்டி, முதல் குறிப்பை எனக்கே நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்.

உரிமையாளர் எழுந்து, தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார். குடியிருப்பவர் உட்கார்ந்தார்.