கொண்டை ஊசி வளைவில் நின்ற டவுன்பஸ்

மலையேறிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸை, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே, பாதி வழியில் நிற்க விட்டவன் நான். அது ஏன் நிற்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பஸ் ஓடியது கம்ப்யூட்டர் திரைக்குள் என்பதால் போலீஸ் வரவில்லை, அவ்வளவுதான். தப்பு தப்புதான்.

அதை ஓட்டியவர், குமரி மாவட்டம் பெற்றெடுத்த டிரைவர்களிலேயே தலைசிறந்தவர். இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரேதான். கோட்டாற்றில் எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் டவுன்பஸ். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும் வரை நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவில் மட்டுமே ஓட்டினார். விசேஷ நாட்களில் வட்டக்கோட்டை வரை நீட்டினால் அவருக்கு அது வெளியூர்ப் பயணம். மலைப்பாதை கேட்டபோதெல்லாம், "உமக்குச் சமதரைதான் வேய் லாயக்கு" என்று ஓர் அதிகாரி சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தச் சொல் அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அவர் மகன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனபோது, தான் விளையாடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரையும் அதோடு சேர்ந்த ஸ்டியரிங்கையும் விட்டுப் போனான். அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஏதோ வெளிநாட்டு மலை. பனி, பைன் மரம், கொண்டை ஊசி வளைவுகள். டவுன்பஸ் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பணிக்குத் திரும்பினார்.

மற்றவர்கள் விளையாடுவார்கள், அவர் சர்வீஸ் நடத்தினார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வண்டி புறப்படும். முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். நிரந்தரப் பயணிகள் பாத்திரக்கடை அண்ணாச்சியும், ஓய்வு பெற்ற நர்ஸ் எஸ்தர் சிஸ்டரும். மனைவி தங்கம் விசில் ஊதினால்தான் கியர் விழும். வெள்ளைக்காரன் ஊரின் நடுத்தெருவில் ஹாரனை அமுக்கி, "சவத்துப்பய, ரோட்டுல நிக்கான் பாரு" என்பார். அவர் பிரேக் போட்டால் நாற்காலியில் இருப்பவர்கள் முன்னால் சாய்ந்துவிட்டு நிமிர வேண்டும். நாற்காலி கிடைக்காமல் நிற்பவர்களுக்கென்று தனியாக ஒரு சடன் பிரேக் வைத்திருந்தார். "நிக்கவன் அப்பதான் உள்ள போவான்." சர்வீஸ் காலத்துச் சித்தாந்தம்.

வெள்ளிக்கிழமை தோறும் கம்ப்யூட்டருக்குப் பூஜை. தோவாளைப் பிச்சிப்பூவைச் சரமாக வாங்கிப் பெட்டியின் தலையில் சாத்தி, சந்தனம் வைத்து, சக்கரம் இல்லாத குறையைப் பொருட்படுத்தாமல் எலுமிச்சம்பழமும் நசுக்குவார். அது முடியும்வரை எஸ்தர் சிஸ்டர் கண்ணை மூடித் தன் பங்குக்கு ஜெபம் பண்ணுவார். "இன்சூரன்சு ரெண்டு பக்கமும் எடுத்தாச்சு" என்பார் டவுன்பஸ்.

இதில் எனக்கு என்ன வயிற்றெரிச்சல்? நான் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். முன்பெல்லாம் அண்ணாச்சியும் சிஸ்டரும் மதியத்தில் வந்து உட்கார்ந்தது என் வீட்டு வராந்தாவில்தான். நான் ஒளியைப் பற்றியும் அண்டத்தைப் பற்றியும் பேசுவேன். அவர்கள் தலையாட்டுவார்கள். எங்கிருந்தோ ஒரு பஸ் வந்து என் வகுப்பையே ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் அணைய ஆரம்பித்தது. சமதரையில் ஒழுங்காக ஓடும். மலையில் மரமும் பனியும் கூடக்கூட முக்கும். கொண்டை ஊசி வளைவு வந்ததும் பொசுக்கென்று இருண்டுவிடும்.

"ஏத்தத்துல லோடு இழுக்கல்ல," என்றார் டவுன்பஸ். அடுத்த முறை மலையடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டினார். "அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. மேல போறது வரைக்கும் கொஞ்சம் இறங்கி நடங்க."

அண்ணாச்சி எழுந்தால் சில நேரம் நாற்காலியும் கூடவே எழும். அவர் மறுபேச்சில்லாமல் முற்றத்தில் இறங்கி நடந்தார். அப்படியும் பஸ் நின்றது. "நான் இல்லாமலும் நிண்ணுட்டுல்லா!" என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து மகிழ்ந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் டவுன்பஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெட்டியின் பக்க மூடி கழன்று கிடந்தது. "பானட்டைத் தொறந்தாச்சு சாரே. தூரத்துல எருமை நிண்ணா எனக்குத் தெரியும். பக்கத்துல உள்ளது தெரியாது. நீங்க படிச்ச ஆளு, ஒண்ணு பாருங்க." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். காய்ந்த பிச்சிப்பூக்கள். பூக்கட்டிய வாழைநார் மேலேயிருந்த சல்லடை வழியாக இறங்கி, உள்ளே இருந்த விசிறியைச் சுற்றி இறுக்கியிருந்தது. விசிறி சுற்றாவிட்டால் சூடு ஏறும். சூடு மிஞ்சினால் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். மலையில் அதற்கு வேலை அதிகம், அதனால் அங்கே நிற்கிறது. நாரை உருவிப்போட்டால் தீர்ந்தது. நான் மூடியை எடுத்துப் பொருத்தித் திருகாணியை முறுக்கினேன்.

"உள்ளே ஒண்ணுமில்ல. வோல்டேஜ்தான்," என்றேன்.

"சாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஸ்டெபிலைசர் வந்தது. ஒயர் மாறியது. வண்டி ஓடும்போது மிக்ஸி ஓடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த வாரம் தங்கம் தேங்காய் அரைக்காமல் மீன்குழம்பு வைத்தாள். எங்கள் ஊரில் விவாகரத்து வரை போகக்கூடிய விஷயம் அது. மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று அவள் சொன்னதற்கு, "ஏட்டி, சாரு பாத்தாச்சு. அதுக்கு மேல எவனுக்குத் தெரியும்?" என்றார்.

தெரு பேச ஆரம்பித்தது. "சமதரைக் கை. மலை பிடிக்காது." ஒருநாள் காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டார். பயணிகள் என் வராந்தாவுக்குத் திரும்பினார்கள். நான் அண்டத்தை விரித்தேன். அண்ணாச்சி உறங்கினார். கடைசி நாற்காலியில் டவுன்பஸ்ஸும் வந்து அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"வோல்டேஜ் சரியாகிடும், விடுங்க," என்றேன்.

"வோல்டேஜ் இல்ல சாரே. எனக்க கைதான். ஆபீசரு அன்னைக்கே சொன்னாரு. இப்போ ஒரு மெஷினுக்கே தெரிஞ்சுபோச்சு, பாத்தீங்களா!" சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதற்கு மேல் எனக்கு அண்டம் ஓடவில்லை. "கை இல்லை, வாழைநார்," என்றேன். எல்லாரையும் அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய், மூடியைக் கழற்றி, சிஸ்டரின் இடுக்கியால் நாரைப் பிடித்து இழுத்தேன். அது வந்துகொண்டே இருந்தது. "அவசரப்படாதீங்க சார், தலை வந்தாச்சு," என்றார் சிஸ்டர். முழுவதும் வெளியே வந்ததும், இதை அன்றைக்கே பார்த்ததையும் சொன்னேன்.

"பாத்தீங்களா?" என்றார் டவுன்பஸ்.

"பார்த்தேன்."

"பாத்துட்டு மூடினீங்களா?"

"மூடினேன்."

தங்கம்தான், "அதுக்கப்புறம் நான் தந்த பழம்பொரியவும் தின்னீங்களே சாரே!" என்றாள். தின்றேன். நன்றாக வேறு இருந்தது.

மறுநாள் சர்வீஸ் தொடங்கியது. போனேன். "சீட் இல்ல," என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காலியாக் கிடக்கே?"

"ரிசர்வேஷன்."

டவுன்பஸ்ஸில் ரிசர்வேஷன் வந்தது உலகத்திலேயே அன்றுதான். புது விசிறி ஒன்று வாங்கிப் போனேன், வாசலோடு திரும்பியது. கடைசியில் தங்கம் பரிந்து பேசி ஒரு வேலைக்கு அனுமதி வாங்கித் தந்தாள். பூச்சரத்தைப் பெட்டிமேல் சாத்தாமல் மேலே தொங்கவிடச் சுவரில் ஆணி அடித்தேன். "கோணலா இருக்கு," என்றார் டவுன்பஸ். அந்த வாரம் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மலையேறினார். நான் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி முக்கியது. பழைய வளைவு வந்தது. சிஸ்டர் ஜெபத்தைத் தொடங்கினார். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் இறங்க எழுந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி. லோடோடத்தான் ஏத்துவேன்."

வளைவு கழிந்தது. அடுத்த வளைவும் கழிந்தது. உச்சியில் பனிக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது. தங்கம் மூச்சு முட்ட விசில் ஊதினாள். டவுன்பஸ் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைக்க நேரமானது.

இறக்கம் தொடங்கும் இடத்தில் வண்டி வேகம் குறைந்து நின்றது. திரை அணையவில்லை. புஸ்ஸென்று பஸ்ஸின் கதவு திறந்தது.

"ஆரு இறங்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"இறங்க ஆளில்ல. ஏற ஒரு ஆளு வெளிய நிக்காரு." டவுன்பஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "எவ்வளவு நேரம் சாரே கதவத் தொறந்து போடுகது? பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கான்."

ஏறினேன். நாற்காலி கிடைக்கவில்லை, ரிசர்வேஷன் அப்படியேதான் இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலை இறங்கி முடியும்வரை அவர் ஒரு சடன் பிரேக்கூடப் போடவில்லை.