சிமெண்டும் ஒரு மூக்கும்

"தண்ணி போதும்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க சார்."

சொன்னவர் ரோலர் ஓட்டுகிறவர். 'அந்த ஆள்' தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இருவருக்கும் இடையே கைக்கெட்டும் தூரம்தான். அந்தத் தூரத்தில் வேலி போல நின்றுகொண்டிருந்தார் உருண்டை சார்.

"அவருக்கே கேட்டிருக்குமேய்யா."

"கேட்டாலும் நான் சொன்னதா ஆகக்கூடாது. நீங்க சொல்லுங்க."

உருண்டை சார் அரைவட்டம் திரும்பினார். "தண்ணி போதுமாம்."

"அவ்வளவுதான் சொன்னாரா? வாய் ரொம்ப நேரம் அசைஞ்சுதே!"

"அவ்வளவுதான் சொன்னார்."

"போதுமா போதாதான்னு நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன். ரோலர் ஓட்டறவரை ரோலர் ஓட்டச் சொல்லுங்க."

மறுபடி அரைவட்டம். காலையிலிருந்து இப்படியே திரும்பித் திரும்பி, உருண்டை சாரின் காலடி மண் ரோலர் இல்லாமலே இறுகிவிட்டது.

உருண்டை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆளும் உருண்டை இல்லை. நட்டு வைத்த கொம்பு மாதிரி இருப்பார். சாலை வேலைக்கு சூப்பர்வைசர். எந்நேரமும் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார். உதிர்ந்தால் தண்ணீர் போதாது. விரலிடுக்கில் பிதுங்கினால் தண்ணீர் அதிகம். உருண்டையாக நின்று, உடைத்தால் இரண்டாக விண்டு வந்தால் பதம். வீட்டில் மனைவி பிசைந்து வைத்த மாவையும் இப்படி அமுக்கிப் பார்த்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அந்தச் சாலையின் மண்ணோ குணம் கெட்ட களிமண். நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். அதன் மேல் போட்ட சாலை இரண்டு தடவை அலை அலையாகப் புடைத்துப் போய், தோண்டி எடுத்தாகிவிட்டது. இந்தத் தடவை மண்ணோடேயே சிமெண்டைக் கலந்து, தண்ணீர் தெளித்து, டிராக்டரால் உழுது புரட்டி, ரோலரை விட்டு இறுக்குவதாக ஏற்பாடு. ஒரே ஒரு சிக்கல். தண்ணீரைக் கண்டுவிட்ட சிமெண்ட் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் ஓடி முடித்தாக வேண்டும். பிந்தினால் மண்ணும் போச்சு, சிமெண்டும் போச்சு.

உருண்டை சாரும் போச்சு. முதலாளி காலையிலேயே போனில் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"மூணாவது தடவையும் தோண்ட வெச்சீங்க, அள்ளிப் போடற மண்ணோட உங்களையும் லாரியில ஏத்தி அனுப்பிடுவேன். தரம் பார்க்கிற அதிகாரி இன்னிக்கே வர்றார்."

"எப்ப சார் வர்றார்?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு நேரா அங்கதானாம்."

"ஐயையோ, உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்னய்யா தெரியும்? அந்த மனுஷன் மூஞ்சி எப்பவுமே உடம்பு சரியில்லாத மாதிரிதான் இருக்கும். நீங்க மண்ணைப் பாருங்க."

மண்ணைப் பார்க்கலாம் என்று வந்தால், இங்கே இவர்கள்.

"ஏன்யா, நேத்து வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல சாப்பிட்டீங்களே?" என்றார் உருண்டை சார், ரோலரின் படியில் ஒரு காலை வைத்து.

"நேத்து வரைக்கும் பேரன் பொறக்கலையே சார்."

விஷயம் இதுதான். ரோலர்காரரின் மகளை லாரிக்காரரின் மகனுக்குக் கொடுத்திருந்தது. அந்த மகளுக்கு இன்று விடியும்போது ஆண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். சம்பந்திகள் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேலைக்கு வரும்போது ஒருவர் ஸ்கூட்டரிலும் ஒருவர் பஸ்ஸிலும் வந்தார்கள்.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையா தொட்டில் சார். நர்ஸம்மா உள்ள நின்னு ரெண்டு விரலைக் காட்டிச்சு. நாங்க இந்தப் பக்கத்துலேருந்து எண்ணி ரெண்டாவது தொட்டிலைப் பார்த்தோம். அது வரைக்கும் ஒத்துமையாத்தான் இருந்தோம். 'அடடா, அப்படியே எங்கப்பா மூக்கு'ன்னேன். தப்பா? உடனே இவர், 'நல்லாப் பாருங்க, அது எங்க வம்சத்து மூக்கு'ங்கறார். ஒரு வம்சத்துக்கே சேர்த்து ஒரு மூக்குதான் வெச்சிருக்காங்களாமா?"

உருண்டை சார் கையிலிருந்த மண்ணை அமுக்கினார். உதிர்ந்தது. இன்னும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வேண்டுமென்றால் லாரி நகர வேண்டும். லாரி நகர, ரோலர் வழி விட வேண்டும். ரோலர் வழி விட, ஒரு மூக்குக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

சரி, ஒரு பொய்தானே என்று நினைத்தார்.

லாரிக்காரரிடம் போய்க் காதோடு சொன்னார். "உங்க சம்பந்தி மனசுக்குள்ள ஒத்துக்கிட்டார். மூக்கு உங்க மூக்குதானாம். வெளிய சொல்லத்தான் கூச்சப்படறார்."

லாரிக்காரர் முகம் மலர்ந்தது. "நெசமாவா சார்?"

"அவர்கிட்ட போய்க் கேட்டுடாதீங்க. வண்டியை எடுங்க."

அதே கையோடு ரோலர்காரரிடம் வந்தார். "சம்பந்தி இறங்கி வந்துட்டார். மூக்கு உங்கப்பா மூக்கேதானாம்."

"அப்படி வாங்க வழிக்கு!" என்று ரோலரை ஒதுக்கினார் அவர்.

லாரி கிளம்பியது. பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் பூத்தூவலாக விழுந்தது. உருண்டை சார் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். ஆனால் வம்சத்து மூக்கு மீண்டு வந்த சந்தோஷத்தில் லாரிக்காரர் ஒரு பாட்டை எடுத்துவிட்டார். பாட்டை எடுத்தவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். குழாயை மட்டும் குறைக்கவில்லை.

"யோவ், குழாய்! குழாயை மூடுய்யா!"

மூடுவதற்குள் சாலை நடுவில் எருமை இறங்கிப் படுக்கிற அளவுக்குச் சேறு. உருண்டை சார் ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கு ஐந்திலும் வழிந்தது. மனிதனுக்கு விரலிடுக்கு நாலுதான். அன்று அவருக்கு ஐந்து இருந்த மாதிரி வழிந்தது.

"காய்ஞ்ச மண்ணைக் கொட்டுங்க! இன்னும் ரெண்டு மூட்டை சிமெண்ட்! டிராக்டர் வா, மறுபடி புரட்டு!"

டிராக்டர் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ரோலர்காரருக்குக் கை சும்மா இருந்தது. கை சும்மா இருந்தால் மனசு பெருந்தன்மைப்படும். இறங்கி நடந்து லாரிக்காரரிடம் போய்த் தோளில் தட்டினார்.

"ஒத்துக்கிட்டதுல ரொம்ப சந்தோஷம் சம்பந்தி. பெரிய மனுஷன் நீங்க."

"நான் எதை ஒத்துக்கிட்டேன்? ஒத்துக்கிட்டது நீங்களாச்சே!"

"நானா? எங்கப்பா மூக்கையா விட்டுக்குடுப்பேன்?"

இருவரும் மெல்லத் திரும்பினார்கள். நாலு கண்ணும் உருண்டை சார் மேல் வந்து நின்றன.

"சரி சரி, போட்டோவைக் காட்டுங்க," என்றார் அவர் அவசரமாக. "நானே பார்த்து நியாயம் சொல்றேன்."

லாரிக்காரர் போனை நீட்டினார். கண்ணாடிக்கு வெளியே நின்று எடுத்த படம். ஒரு துணிச்சுருள். சுருளின் நுனியில் செக்கச்செவேலென்று ஒரு முகம். உருண்டை சார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மூக்கு... இவர் பக்கம். நெத்தி... அவர் பக்கம். பாதிப் பாதி. போய் வேலையைப் பாருங்க."

"அப்ப காது?" என்றார் ரோலர்காரர்.

"ஆமா, காது?" என்றார் லாரிக்காரர்.

காதுக்கு ஆள் கூடிவிட்டது. மண்வெட்டிக்காரர்கள் வந்தார்கள். டிராக்டர்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார். சாலை முனையில் சிவப்புக் கொடியோடு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்த கொடிக்காரம்மாவும் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, போனை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நான் சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா," என்றார்கள் தாத்தாக்கள் ஒரே குரலில்.

"உங்க ரெண்டு பேர் ஜாடையும் இல்ல. இது யாரோ ஆபீசர் மொகம். கையெழுத்துப் போட மாட்டேன்னு உதட்டைப் பிதுக்கிக்கிட்டு இருக்கு பாருங்க."

"என்னம்மா பேசற நீ!"

"நான் எங்க பேசறேன்? உதடு பேசுது."

அப்போதுதான் பின்னால் ஏகப்பட்ட கோழிகள் கத்தின. கொடி இல்லாத முனை வழியாக, கூண்டு கூண்டாகக் கோழி ஏற்றிய ஒரு சின்ன லாரி நேரே கலவைக்குள் இறங்கியது. உறுமியது, ஆடியது, இறகுகளைப் பறக்கவிட்டது, ஒரு வழியாக மறுகரை ஏறிப் போய்விட்டது. போன வழியில் இரண்டு வாய்க்கால்.

உருண்டை சார் வாய்க்காலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாதிக்கு மேல் நேரம் போயிருந்தது. கொடிக்காரம்மா திருப்பிக் கொடுத்த போன் அவர் கையில் இருந்தது. அதிலிருந்து அந்த முகம் அவரையே முறைத்தது.

"மூக்கா? காதா?" என்று கத்தினார். இருபது வருஷ வேலையில் அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "எதுய்யா ஜாடை? வெயில்ல வதங்கின கத்திரிக்கா மாதிரி இருக்கு! இதுக்குப் போயி ரெண்டு பேர் அடிச்சுக்கறீங்களே! என்கிட்ட குடுத்தா மூக்கையும் வாங்க மாட்டேன், காதையும் வாங்க மாட்டேன்!"

தாத்தாக்கள் இருவரும் ஓரடி நெருங்கி நின்றார்கள்.

"சம்பந்தி," என்றார் ரோலர்காரர் தணிந்த குரலில். காலையிலிருந்து ஒரு பொய்யின் துணையில்லாமல் பாசத்தோடு வந்த முதல் சொல். "நம்ம பேரனைக் கத்திரிக்காங்கறார்."

"கேட்டேன் சம்பந்தி. வதங்கினங்கறார்."

"வேலையைப் பாக்கி வெச்சுக்கிட்டுப் பேசினா, வேலை தெரியாதவங்கம்பார். முதல்ல ரோட்டை முடிப்போம். அப்புறம் இவரை கவனிப்போம்."

"வாங்க சொல்றேன்."

அதற்கப்புறம் நடந்தது வேலை இல்லை, போர். மண்வெட்டிகள் வாய்க்காலை மூடின. டிராக்டர் புரட்டியது. லாரிக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "போதுமா சம்பந்தி?" என்றார். "இன்னும் ஒரு தூறல் சம்பந்தி!" என்று பதில் வந்தது. நடுவில் ஆள் தேவைப்படவில்லை. உருண்டை சார் ஒரு பிடி அள்ளி அமுக்கினார். நின்றது. உடைத்தார். இரண்டாக விண்டது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வளைவுக்கு வரும்போது ரோலர் கொஞ்சம் தயங்கியது. "ஆனா சம்பந்தி, அந்த மூக்கு மட்டும்..." என்று ரோலர்காரர் இழுப்பது காதில் விழுந்தது. அடுத்த நொடி உருண்டை சாருக்கு விஷயம் விளங்கிவிட்டது: திட்டினால்தான் இவர்கள் ஒன்று சேர்வார்கள்.

"அந்தக் காது இருக்கே!" என்று கூவினார். "ரெண்டு பக்கமும் தட்டு ஒட்டி வெச்ச மாதிரி!"

"விடாதீங்க சம்பந்தி, ஏத்துங்க ரோலரை!"

ரோலர் சீறியது. வளைவு தாண்டி வேகம் குறைந்தபோது நெற்றியை எடுத்தார். "நெத்தியில என்னய்யா அத்தனை சுருக்கம்? வயித்துக்குள்ளயே பரீட்சை எழுதினானா?" பாலத்துக்கு முன்னால் உதட்டை எடுத்தார். கடைசித் துண்டுக்குத் திட்ட ஒன்றும் மிச்சமில்லாமல், முகவாயையே இரண்டாவது தடவை திட்டினார். இப்படியாக ஒரு பச்சைக் குழந்தையைத் தலையிலிருந்து தாடை வரை திட்டி முடித்தபோது, சாலை முழுக்க ஒரே மட்டமாக, ஒரே நிறமாக, தட்டினால் கணகணவென்று சொல்லும்படி இறுகிக் கிடந்தது. சிமெண்டுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி இருந்தது.

அதிகாரியின் கார் வந்தது. இறங்கினார். தலைக்கவசம் காதில் வந்து நின்றது. உதட்டைப் பிதுக்கியபடி சாலையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். குதிகாலால் ஓங்கி மிதித்தார். சாலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்தான் காலைத் தேய்த்துக்கொண்டார். ஒரு சின்னக் குழி தோண்டச் சொல்லி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியில் மணலை ஊற்றி அளந்து, கணக்குப் போட்டார். இன்னொரு இடத்திலும் தோண்டினார். கோழி லாரி இறங்கின அதே இடம். உருண்டை சார் சாலையோரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளி அமுக்கிக்கொண்டார்.

"யாருய்யா ரோலர்? யாருய்யா தண்ணி?"

இருவரும் முன்னால் வந்தார்கள், தோளோடு தோள் ஒட்டி.

"இந்த மண்ணுல இப்படி ஒரு இறுக்கம் நான் பார்த்ததில்ல," என்றார் அதிகாரி. காரின் முன்புறத்தில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நீளமாக, அழுத்தமாக. "எனக்கு இன்னிக்கு நல்ல நாள். உங்களுக்கும் நல்ல நாள்னு வெச்சுக்குங்க."

உருண்டை சார் முதலாளிக்குப் போன் போட்டார். "சார், தோண்ட வேண்டாம் சார்!" மறுமுனையில் முதலாளி போட்ட சந்தோஷக் கூச்சல் எல்லாருக்கும் கேட்டது. மண்வெட்டிகள் வானத்துக்குப் போயின. கொடிக்காரம்மா சிவப்புக் கொடியைச் சுற்றிச் சுற்றி ஆட்டினார். டிராக்டர் ஹார்னை விடாமல் அடித்தது. உருண்டை சார் கையிலிருந்த உருண்டையைப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ரோடு முடிஞ்சுதா சம்பந்தி?" என்றார் லாரிக்காரர்.

"முடிஞ்சுது சம்பந்தி. இனி இவரை கவனிப்போம்."

இருவரும் நேரே அதிகாரியிடம் போனார்கள்.

"சார், நீங்க படிச்சவர், நாலு எடம் பார்த்தவர். எங்களுக்கு ஒரு நியாயம் சொல்லணும். காலையிலேருந்து எங்க சூப்பர்வைசர் இந்தப் பச்சைப் புள்ளையைக் கத்திரிக்காங்கறார், காது தட்டுங்கறார், நெத்தி சுருக்கம்ங்கறார். நீங்களே பாருங்க சார், அப்படியா இருக்கு?"

அதிகாரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு பிதுங்கியது.

"என் பேரன் படம் உங்க போன்ல எப்படிய்யா வந்துச்சு?"