வலிப்புள்ளி எழுதப் போன நாள்

இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன்: இணையத்தில் தொழில்முனைவோர் பாடம் நடத்திய கண்ணாடிக்காரர் மேல், அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கியவர் மேல், எல்லாருக்கும் மேலாக என் மேல்.

கட்டாரில் வேலை போய்ச் சொந்த ஊரான வாகரைக்குத் திரும்பியிருந்தேன். கருவாட்டை அழகாகப் பொதி செய்து கொழும்புக்கு விற்பது என் திட்டம்.

"முதல்ல கருவாடு போடுறவங்களோட கதைச்சுப் பாருங்க," என்றாள் மனைவி வசந்தி. கரையில் மீன் காயப்போடும் வாடியில் வளர்ந்தவள். நான் கேட்பேனா? (சான்றிதழ் இல்லாதவர்களின் யோசனையைக் கேட்பதில்லை என்று முதல் பாடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.) சிக்னலுக்காக முருங்கை மரத்தடியில் கதிரை போட்டு ஆறு வாரம் படித்தேன்.

கடைசி ஒப்படை: பத்துப் பேரைச் சந்தித்து அவர்களுடைய 'வலிப்புள்ளி'யை எழுதி அனுப்ப வேண்டும். தொழிலில் ஒருவரை வாட்டும் சிக்கல் என்று பொருளாம். தமிழாக்கிய அந்தப் பாவி அதைச் 'சிக்கல்' என்றே எழுதியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை (நானே அச்சடித்தது), கையில் கொப்பி. மாங்கேணிக் கரையில், மணலில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பூமணி அக்காவின் முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, உங்கட வலி என்ன?"

அவர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "நாரிதான் மனே," என்று இடுப்பைப் பிடித்துக் காட்டினார். "குனிஞ்சா நிமிர ஏலாது." பிறகு வாடிப் பக்கம் திரும்பி, "புள்ளயள், டொக்டர் வந்திருக்காராம், ஓடி வாங்க!" என்று கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. ஆண்களும் வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒருவர் கடைவாய்ப் பல்லைக் காட்டினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் வேண்டுமே! தலை நிமிராமல் எழுதினேன். பதினாலு பேர்.

"சரி, குளிசை எங்க?" என்று மாத்திரைக்குக் கையை நீட்டினார் பூமணி அக்கா.

"குளிசை இல்ல அக்கா. இது ஒரு ஆய்வு."

பூமணி அக்கா ஒரு கருவாட்டைக் கையில் எடுத்தார்.

"சுனாமிக்குப் பிறகு வந்தவனெல்லாம் எழுதினான். பேர் எழுதினான், வயசு எழுதினான், என்ன போச்செண்டு எழுதினான். எழுதிப்போட்டு வாகனத்தில ஏறிப் போயிற்றான். நீயும் எழுதத்தான் வந்தியா?"

பாதி காய்ந்த கருவாடொன்று என் நெஞ்சில் வந்து விழுந்தது. இரண்டாவது முதுகில். மூன்றாவது வரும்போது நான் மோட்டார் சைக்கிளில் இருந்தேன்.

அடி வாங்கியும் ஒப்படையை அனுப்பினேன். பதில் வந்தது: 'விடைகள் மருத்துவம் சார்ந்தவை. தலைப்புக்குப் பொருந்தவில்லை. சித்தியில்லை.' தேறாத ஆத்திரத்தில் கொப்பியை முற்றத்தில் வீசினேன். பொறுக்கி எடுத்து வாசித்தவள் வசந்திதான்.

"ஒம்பது பேருக்கு நாரி நோகுதாம். ஏனெண்டு கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

"நாள் முழுக்க மணலில குனிஞ்சு புரட்டினா நோகாதா? இடுப்பு உயரத்துக்குப் பரண் அடிச்சுக் குடுத்தா என்ன?"

அப்போதுதான் எனக்கு உச்சக் கோபம் வந்தது. ஏனென்றால் அவள் சொன்னது சரி.

சவுக்குக் கம்பும் பழைய வலையும் கொண்டு நாங்கள் அடித்த முதல் பரணைப் பூமணி அக்காவிடமே கொண்டுபோனேன். (வேறு சட்டையில்.) அவர் அதைக் கையால் அசைத்துப் பார்த்தார். மீனைப் பரப்பினார். நின்றபடியே புரட்டினார். முதுகை ஒருமுறை நெளித்துப் பார்த்தார்.

"இது சரி. பல்லு நோவுக்காரனுக்கு என்ன கொண்டு வந்தாய்?"

இப்போது பரண் அடிப்பதுதான் எங்கள் தொழில். ஆனால் என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தொலைபேசியில் எடுத்த எடுப்பிலேயே, "வலி டொக்டர் வீடா?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருத்துவதற்குள் என் ஆறு வயது மகள் கைபேசியைப் பறித்துவிடுகிறாள்.

"ஓம், சொல்லுங்க. எங்க நோகுது?"