கல்லுக்குள் நடமாட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்; அப்படி நம்ப ஆதாரம் எதுவும் இல்லை. போன வாரம் போனில் கேட்டாயே, "கல்லு மாதிரி கெட்டியா இருக்குங்கறே, அதுக்குள்ள ஒண்ணு நடந்து போகுதுங்கறே, அது நடக்கறப்போ கல்லு ஏண்டி கலையல?" என்று. அந்த நடையை அளந்துதான் இத்தனை வருடம் சம்பளம் வாங்குகிறேன். வகுப்பில் படம் போட்டு விளக்கினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நீ கேட்ட மாதிரி கேட்டால் எனக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். பேட்டரிக்குள் தீப்பிடிக்கும் திரவத்துக்குப் பதிலாக வைக்க ஒரு திடப்பொருள் தேடுகிறோம். எங்கள் பொடிக்காரர் (எந்நேரமும் பொடி அரைப்பதால் அந்தப் பெயர், வயது என் வயதுதான்) ஒரு வெள்ளை வில்லை செய்திருக்கிறார். இரண்டு பக்கமும் வெள்ளிப் பூச்சு பூசி, மின்சாரத்தை வேகமாகவும் மெதுவாகவும் ஆட்டினால், திரையில் ஓர் அரைவட்டம் வரும். வட்டம் சிறுத்தால், லித்தியம் அயனிகள் உள்ளே சுலபமாக நடக்கின்றன என்று அர்த்தம். நாளைக்குள் நல்ல முடிவைக் காட்டாவிட்டால் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடும். முடிவில் என் கையெழுத்தும் வேண்டும்.

இன்று காலை வந்த வட்டம் சிறியது. நான் நம்புவேனா? வில்லையை ஈரம் புகாத உலர்பெட்டியிலிருந்து எடுத்து, என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து தடிமனை மறுபடி அளந்தேன், திரும்ப மாட்டினால் வட்டம் இன்னும் சிறுத்திருக்கிறது, கம்பி தளர்ந்திருக்கும் என்று கம்பியை மாற்றினேன், கருவியின் மேல் சந்தேகம் வந்து பக்கத்துக் கட்டடக் கருவியை இந்த மழையில் குடை பிடித்துத் தூக்கி வந்தோம், மறுபடி வெளியே எடுத்து, மறுபடி குனிந்து, அதுல பார்த்தா வட்டம் இன்னும் சின்னதா வருது! நான் சந்தேகப்படச் சந்தேகப்பட அந்த வில்லை உற்சாகமாகிக்கொண்டே போனது.

"என்ன மேடம், இன்னுமா? உங்க கல்யாணப் பத்திரிகையையே ரெண்டு தடவை சரிபார்த்திருப்பீங்க," என்றார் பொடிக்காரர்.

"மூணு தடவை. தேதி தப்பா இருந்துச்சு."

சாயங்காலம் வந்த கடைசி வட்டம் எல்லாவற்றிலும் சிறியது. நகத்தால் கீறினாலும் தடம் விழாத ஒரு பொருள், அதற்குள் அத்தனை கோடிப் பேர் யாரையும் இடிக்காமல் வீடு மாறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் புல்லரித்தது அக்கா. நாளை கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். எல்லோரும் நன்றாக இருங்கள். மாடிப்படியில் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருங்கள்.

உன் தங்கை

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடும் முன் மறுநாளே வந்துவிட்டது. கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் பட்டு, வில்லையைச் சூடாக்கிப் பார்க்கச் சொன்னேன். சூட்டில் அயனிகள் இன்னும் வேகமாக நடக்கும், வட்டம் சிறுக்க வேண்டும். அது பெருத்தது. பெருத்துக்கொண்டே போனது. பொடிக்காரர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஈரம் காயுது மேடம். ஈரத்துலயும் கரண்ட் ஓடும்ல. நேத்து பூரா நடந்தது லித்தியம் இல்ல. மழை ஈரமும் உங்க மூச்சும்." நான் குனிந்து அளந்த ஒவ்வொரு முறையும் அதன் மேல் ஊதியிருக்கிறேன்.

அவர் ஒப்பந்தத்தை நானே ஊதிக் கெடுத்தேன் என்று உட்கார்ந்திருந்தபோது, ஈரமெல்லாம் போன பிறகு, வட்டம் பெருப்பதை நிறுத்தியது. பிறகு மெல்லச் சிறுக்கத் தொடங்கியது. நடை வேகத்தைக் கணக்கிட்டால், நேற்றைய எண்ணில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இது அயனிகளின் சொந்த நடை. அந்தச் சின்ன எண்ணுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

"இவ்வளவுதானா? இதைக் கூட்ட முடியாதா?" என்றார் எங்கள் ஆய்வக இயக்குநர்.

"மேடத்தை இன்னும் கிட்ட உட்கார வெச்சா கூடும் சார்," என்றார் பொடிக்காரர்.

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒப்பந்தத்தை வருடக் கடைசி வரை நீட்டித்தார். நான் சிரிக்கவில்லை. வில்லை மேசைமேல் இருந்தது, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.