ஹமீதா மாமியும் அத்தாவின் ஈறும்

இல்லை அண்ணே, வேலையை விட வேண்டாம். சலாம் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். அபுதாபியில் நீங்களும் ஷமீரா மச்சியும் நலமாக இருக்க துஆ. கூத்தாநல்லூரில் நாங்கள் நலம். அத்தா மிக நலம். அதுதான் விஷயம்.

போன வாரம் போனில் நான் அழுததற்குக் காரணம் ஒரு கட்டுரை. ஈறு நோய் உள்ளவர்களிடம் மறதி நோய் சற்று அதிகம் தென்படுகிறதாம். எது எதனால் என்று இன்னும் உறுதியாகவில்லை என்றும் அதிலேயே இருந்தது. அந்த வரிக்கு வருவதற்குள் உங்களுக்குப் போன் போட்டுவிட்டேன். அத்தா கொய்யாவைக் கடித்தால் பழத்தில் ரத்தம். போதாதா?

ஈறைக் குத்தக் கூடாதென்று அவர் பல் துலக்கும் மிஸ்வாக் குச்சியை ஒளித்துவைத்தேன். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யும் முன் வீடு முழுக்கத் தேடினார். அலமாரி. சட்டைப் பை. அரிசி டின். 'வைத்த பொருள் எங்கே என்று தெரியாமல் தவிக்கிறார்' என்று உங்களிடம் சொன்னேனே, அது இதுதான். பிறகு பரீட்சை. "அத்தா, ஹமீதா பானு யாரு?" காலையில் கேட்டேன்: "என் மாமா மக." மதியம்: "மச்சான் சம்சாரம்." சாயங்காலம்: "சம்பந்தி." நான் எதிர்பார்த்த விடை, மாமி. மூன்றும் தவறு என்று கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். கொல்லை வழியாக வந்த ஹமீதா மாமி, உங்கள் மாமியாரே, அதைக் கேட்டுவிட்டார்.

"மூணும் நான்தான்டி. உனக்கு மாமின்னா உங்க அத்தாவுக்குமா மாமி? எம்.ஏ. வேற படிச்சிருக்கா."

இருந்தாலும் ஈறு ஈறுதானே. திருவாரூர் பல் டாக்டர் வானதியிடம் இழுத்துப் போனேன். வாயைத் திறங்க என்றதும் அத்தா பேசத்தான் திறந்தார். "நீங்க பகலவன் மகதானே? உங்கப்பா தன் கல்யாணத்துல செருப்பத் தொலைச்சிட்டு, எஞ் செருப்பப் போட்டுக்கிட்டுப் போய்ட்டாரு."

"அப்பாவுக்கே அது மறந்திருக்கும், பாய். இப்ப வாய மூடாம பேசாம இருங்க."

பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்து முடித்ததும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "ஈறுக்கு நான் பொறுப்பு. ஞாபகத்துக்கு வேற டாக்டர். ஆனா இவரு மறந்தாத்தான் ஊருக்கு நிம்மதி."

ஆகவே வர வேண்டாம். பாதியில் கிளம்பினால் கம்பெனி திரும்பச் சேர்க்காது என்றீர்களே. எனக்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மச்சிக்கு என் சலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் திடமான ஈறுகளையும் தரட்டும்.

இப்படிக்கு,
தங்கை இர்ஃபானா

பின்குறிப்பு: இதை முடித்த நேரம் அத்தா வந்தார். "ஃபஹத் எப்ப வர்றான்?"

"வரல அத்தா. உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா?" என்றார்.

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். சிரித்தால் பல் தெரிந்துவிடும்.

நீங்கள் லீவில் வரும்வரை இந்த மறதி தீராது; உங்கள் மெத்தையை மாடியில் வெயிலில் போட்டேன்.