பரந்தாமன் தேடிய தேயாத செயின்

உழைக்கும் பொருளைத் தேடி வாங்குவது அறிவுடைமை. வாங்காமல் இருப்பதற்காகவே தேடுவது என்ன உடைமை என்று முன்னோர் சொல்லி வைக்கவில்லை. பரந்தாமனைப் போல் ஒருவர் பிறப்பார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

திருத்தணியில் அரக்கோணம் சாலையை விட்டு உள்ளே தள்ளிய குடியிருப்பு ஒன்றில், ஆனி மாதத்துத் திங்கட்கிழமைக் காலையில், அவர் தம் மோட்டார் சைக்கிளின் முன் நின்று சபதம் செய்தார்.

"போட்டா தேயாத செயின் போடணும். இல்லன்னா இந்த வண்டி வாசப்படி தாண்டாது!"

முந்தின நாள் மலைப்பாதை வளைவில் செயின் துள்ளி இறங்கியது உண்மை. மெக்கானிக் சுதாகர் வீட்டுக்கே வந்து குந்திப் பார்த்ததும் உண்மை. பின்சக்கரத்துப் பல்லிலிருந்து செயினை அவன் விரலால் இழுத்தான். பல்லில் பாதி வெளியே தெரிந்தது. பற்கள் கொக்கிபோல் ஒரு பக்கமாக வளைந்திருந்தன.

"செயினு மட்டும் மாத்தினா ஆவாது நைனா. முன் ஸ்பிராக்கெட்டு, பின் ஸ்பிராக்கெட்டு, செயினு, மூணும் செட்டாதான் போடணும். பழைய பல்லுல புது செயினப் போட்டா ரெண்டே மாசத்துல தின்னுரும். நல்ல செட்டு ஒண்ணு கைல கீது. போட்டுறட்டா?"

"எவ்ளோ உழைக்கும்?"

"ஆயில் உட்டுகினு வந்தா முப்பதாயிரம் கிலோமீட்டர்."

"அவ்ளோதானா? நான் இருக்கிற வரைக்கும் உழைக்கிறதா வேணும்."

சுதாகர் மலையைப் பார்த்துக் கையைக் காட்டினான். "அத்த அங்க கேட்டுட்டு வாங்க. நான் இங்கியே இருக்கேன்."

பரந்தாமன் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய லுங்கி ஒன்றால் வண்டியைப் போர்த்தி, நான்கு மூலையிலும் முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போடும்போது அவர் முகத்தில் துக்கம் இல்லை.

காரணம் செயினில் இல்லை. முப்பத்தோரு ஆண்டுகள் அதே போன்ற வண்டிகளில் பொதட்டூர்பேட்டை லுங்கிகளைக் கட்டிக்கொண்டு மாநில எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அலைந்து விற்றவர் அவர். அத்தனை ஆண்டுகளும் அவர் மனைவி யோகலட்சுமி வீட்டில் தனியாக இருந்தாள். தைமாதம் அவர் ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்தார். அவளோ சித்திரையில் எழுந்து, தானே துணி எடுத்து ஊரூராக விற்கப் புறப்பட்டுவிட்டாள்! காலை ஒன்பது மணிக்கு மூட்டையோடு அவளைப் பேருந்து நிலையத்தில் இறக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஏற்றி வர வேண்டும். இடையிலுள்ள ஒன்பது மணி நேரம் பரந்தாமனுடையது.

அந்த ஒன்பது மணி நேரத்தை அவரால் செலவழிக்க முடியவில்லை. மகன் புனேயில் இருந்தான். பேரன் கைப்பேசிக்குள் இருந்தான். பதினோரு மணிக் காபிக்கு இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பார். தவறான எண்ணுக்கு அழைத்தவரிடம்கூடப் பிள்ளைகள் நலமா என்று விசாரித்தார். ஒருநாள் மின்விசிறியோடு பேசிக்கொண்டிருந்ததை அவரே கவனித்துத் திடுக்கிட்டார். 'ஒண்டியா இருக்க முடியல யோகு' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்திருக்கும். ஆண்பிள்ளை அதைச் சொல்வதாவது! ஆகவே, வண்டி நின்றால் அவளும் நிற்பாள் என்று செயினைத் தேயவிட்டார்.

சபதத்தின் முதல் இரண்டு நாளும் சொர்க்கம். இரண்டு டம்ளரும் காபி கண்டன. மூன்றாம் நாள் யோகலட்சுமி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, செயினு என்னாச்சு?"

"தேடிகினு இருக்கேன்."

"ஈசி சேர்லியா?"

"யோசன பண்ணிகினு இருக்கேன். பித்தள பூசினதா, உள்ள ரப்பர் வளையம் வெச்சதான்னு."

"நல்ல பொருளு வூடு தேடி வருமா? எழுந்து நாலு ஊரு போய்க் கேளுங்க. எனக்காவ அவசரப்படாதீங்க. ஒரு மாசம் ஆனாலும் தேயாததா பாருங்க."

"நீ?"

"நான் வூட்லதான் இருக்கேன்னு நெனச்சிகினு நிம்மதியா போய் வாங்க."

எவ்வளவு நல்ல மனைவி என்று பரந்தாமன் உருகினார். அந்த உருக்கத்தோடு, அவளை வீட்டில் இருத்துவதற்காகத் தாம் வீட்டை விட்டுப் புறப்பட்டார்!

நல்லவர்களே, ஒரு சிறு கதை கேளுங்கள். ஒருவன் நிலவைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டான். குடத்து நீரில் அது விழுந்த சமயம் பார்த்து மூடியைப் போட்டு, மூடிமேல் ஏறி உட்கார்ந்தான். விடியும்வரை காவல் காத்தான். நிலவு வழக்கம்போல் ஊரைச் சுற்றிவிட்டுப் போயிற்று. அவனுக்கு மிச்சம் இடுப்பு வலி. அன்பைக் கேட்டுப் பெறுங்கள், மூடி போடாதீர்கள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. பரந்தாமன் கெட்டிக்காரர் அல்லர். ஆனாலும் பதினோரு நாள் ஓடியது. நாளும் ஓர் ஊர். அரக்கோணத்தில் உண்மையாகவே நல்ல செட்டு கிடைத்துவிட, பயந்து ஓடி வந்தார். அதன்பின் எச்சரிக்கையாகி, ரயில் மாறி மணவூருக்குப் போனார். மணவூர் நிலையத்து மேடையில் செயின் விற்பதில்லை; அதுவே அவ்விடத்தின் சிறப்பு. சிமென்ட் பெஞ்சில் பகல் முழுவதும் உட்கார்ந்து, போகும் ரயில்களை எண்ணினார். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் பேச்சுக் கொடுக்கலாம் என்று இடம் விட்டு ஒதுங்கியே இருந்தார். எவரும் உட்காரவில்லை. வீட்டில் தனியாக இருந்தபோதாவது மின்விசிறி இருந்தது.

மாலையில் திரும்பினால் லுங்கியும் முடிச்சும் அப்படியே இருக்கும். யோகலட்சுமி தோசைக்கல்லின் முன் இருப்பாள்.

"இன்னிக்கு எந்த ஊரு? பல்லு எப்டி இருந்துச்சு?"

"பல்லு சொத்த."

"அய்யய்யோ! நாளைக்கு இன்னும் தூரமா போய்ப் பாருங்க."

பதினோராம் நாள் கனகம்மாசத்திரத்தில் இறங்கினார். நிறுத்தத்துத் தேநீர்க் கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. இத்தனை நாள் பொய்யில் அவருக்கு உண்மையாகவே ஞானம் வந்திருந்தது. கால் தானாக நின்றது. கண் செயினை விட்டு வேறெங்கும் போகவில்லை. குனிந்தார். பின்சக்கரத்துப் பற்கள் ஒன்றுபோல் நிமிர்ந்திருந்தன. செயினை விரலால் இழுத்தார்; அசையவில்லை. அளவாக எண்ணெய்.

"அடடா! வண்டி வெச்சிருந்தா இப்டி வெச்சிருக்கணும்," என்றார் வாய்விட்டு.

"புடிச்சிருக்குதுங்களா?" என்றது பின்னால் ஒரு குரல்.

பரந்தாமன் நிமிரவில்லை. குனிந்த வாக்கிலேயே எண்பலகையைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அவருடைய எண்தான்.

"யோகு! இது… எந்த செட்டு?"

"நீங்க மொத நாளு வேணாம்னு தள்ளினீங்களே, அதேதான். நீங்க தேடக் கெளம்பின அன்னிக்கே, தெருமுன திரும்பினதும் சுதாகரு வந்து அர மணியில மாட்டினான்."

"ஓட்டினது?"

"நான்தான். கல்யாணத்துக்கு முன்ன எங்க நைனா வண்டியில நூல் மூட்ட கட்டிகினு நகரி வரைக்கும் போவேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே!"

"முப்பத்தோரு வருசமா பின்னாடி ஒக்காந்து வந்தேன். திரும்பி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"வண்டி ஓட்றவன் திரும்பிப் பாக்கக் கூடாதுடி!"

கடைக்காரர் சிரித்தார். பரந்தாமனுக்கு வெட்கம் தாங்கவில்லை. அந்த வெட்கத்தில் மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

"வூட்ல ஒண்டியா இருக்க முடியல யோகு. அதான்…"

"ஆங், தெரியும். மொத நாளே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"சொல்லியிருந்தா வூட்ல இருந்திருப்பியா?"

"இல்ல. உங்களயும் கூட்டிகினு வந்திருப்பேன்."

பரந்தாமனின் முகம் மலர்ந்தது. துண்டை உதறித் தோளில் போட்டு, ஒரு காலைத் தூக்கிப் பின்சீட்டை நோக்கித் திரும்பினார். அங்கே மூன்று துணி மூட்டைகள் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தன.

யோகலட்சுமி வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"நாளைலேர்ந்து எடம் பண்றேன். இன்னிக்கு உங்க பஸ்ஸு வர அர மணி ஆவும். அதுவரைக்கும் எதுத்த கடையில செயினு கேட்டுகினு இருங்க."